மெழுகு வைத்த தோட்டா

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி பெஞ்சில் உட்காருங்கள். மலையேறி வந்திருக்கிறீர்கள், முதலில் காப்பியைக் குடியுங்கள். நம்ம தோட்டத்துக் காப்பிதான், சிக்கரி கலக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மகன் ராயப்பன் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் வாழைக்குப் போனான். "தாலுகா ஆபீஸ்ல இருந்து ஆர்.ஐ. வருவாரு. இந்தத் தடவையாவது ஒழுங்கா பதில் சொல்லும்மா. மண்ணைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதே." அவன் அப்பா பேரில் இருந்த துப்பாக்கி இப்போது ஸ்டேஷனில் கிடக்கிறது. அது இவன் பேருக்கு மாறவேண்டும். அதற்கு வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். அவன் தங்கைகள் இரண்டு பேரும் போட்டுவிட்டார்கள். நான்தான் போடவில்லை. அவர் போய் ஏழு மாதம் ஆகிறது, ஏழு மாதமாகப் போடவில்லை.

ராயப்பனைக் குறை சொல்லாதீர்கள். காட்டுப்பன்றி தொல்லை தாங்கமுடியவில்லை. நட்ட வாழையைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. பிள்ளை என்னதான் செய்வான்?

நோட்டை மூடி வையுங்கள் சார். இப்போது எழுதாதீர்கள். எழுதவேண்டியதை நான் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் வெளியூர்க்காரர், என் மகன் வயதுதான் இருக்கும். பஸ் ஏறினால் மறந்துவிடுவீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

வரும் வழியில் கீழ் வீட்டைப் பார்த்திருப்பீர்கள், நீல ஜன்னல் வைத்த வீடு. அங்கே இருப்பவள் செசிலி. என் ஓரகத்தி. என் கணவர் எஸ்தாக்கியின் தம்பி மனைவி. முப்பத்திரண்டு வருஷமாக இந்த வீட்டுத் தண்ணீரை அவள் தொட்டதில்லை. கோயிலில் நான் வலது பக்கம் முழங்கால் போட்டால் அவள் இடது பக்கம் போவாள். இவர் சாவுக்கும் வரவில்லை. ஊரே வந்தது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஏன் என்று கேளுங்கள். "எஸ்தாக்கி நாலு ஏக்கருக்காகக் கூடப் பிறந்தவனையே சுட்டுட்டான்" என்று அன்றைக்குச் சொன்னாள், இன்றைக்கும் சொல்கிறாள். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள். ஒரு மனுஷனைப் பற்றி இப்படி அபாண்டம் சொல்லலாமா? அதுவும் அவரைப் பற்றி? தம்பிக்கு முள் குத்தினால் இவர் நொண்டுவார், அப்படி இருந்தவர். அவளை மன்னிக்க மாதாவிடம் நான் எத்தனை செபமாலை சொல்லியிருப்பேன்!

துப்பாக்கியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. இரட்டைக் குழல் அது. எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன துரை ஒருவர் என் மாமனாருக்குக் கொடுத்தது. அதற்கு இரண்டு வகைத் தோட்டா. ஒன்று ரவைத் தோட்டா, உள்ளே மிளகு மாதிரி ஈய ரவை நிறைந்திருக்கும். சுட்டால் விரிந்து போகும். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் அதுதான். பெரிய மிருகத்தின் பின்பக்கத்தில் தூரத்திலிருந்து பட்டால் சுளீர் என்று இருக்கும், ஓடிப்போகும், சாகாது. இன்னொன்று ஒற்றைக் குண்டு. தோட்டாவுக்குள் ஒரே ஈயக்கட்டி, என் கட்டைவிரல் நுனி அளவு. கடமான், பன்றி, காட்டுமாடு என்றால் அதுதான். அது விரியாது. பட்டதற்குள் போகும், நடுவில் புதர் இருந்தால் புதரையும் தாண்டிப் போகும். இதைப் புரிந்துகொண்டால் போதும் சார், மீதி எல்லாம் புரிந்துவிடும்.

பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காகிதக் குழாய், அடியில் பித்தளை. மேல் அட்டையில் நம்பர் போட்டிருப்பான், ஆனால் எங்கள் மலை ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்தில் அது அழிந்துவிடும். அதனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம். பிப்ரவரியில் காணிக்கை மாதா திருநாளுக்குக் கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொடுப்பார்கள். அந்த மெழுகை எடுத்து ஒற்றைக் குண்டுத் தோட்டாவின் வாயில் மட்டும் ஒரு பொட்டு வைப்பது. ஈரம் உள்ளே இறங்காது. மிருகமும் தவிக்காமல் ஒரே குண்டில் போகட்டும் என்று ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி வைப்பேன். விடியற்காலைப் பனியில் கண் தெரியாது பாருங்கள், கட்டைவிரலால் தடவினால் போதும். மெழுகு தட்டுப்பட்டால் குண்டு. மொட்டையாக இருந்தால் ரவை.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மெழுகு வைக்கிற வேலை என்னுடையது. "மதலேன் கைராசி" என்பார் அவர்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தவக்காலத்தில் ஒரு தனிக்காளை இறங்கியது. காட்டுமாட்டில் கிழட்டுக் காளை கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும், அதற்குப் பயம் என்பதே இருக்காது. ஆரஞ்சுத் தோட்டத்தில் புகுந்து கிளையை முறித்துப் போட்டது. எஸ்டேட் காவல்காரரைத் தொடையில் குத்தித் தூக்கி எறிந்தது. ஊர்க்காரர்கள் கீழே போய் மனுக் கொடுத்து, அதைச் சுட அனுமதிச் சீட்டும் வாங்கி வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி வாங்கமுடியும் சார். ஊரில் துப்பாக்கி வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

எனக்கு அப்போது ஏழாவது மாதம். இந்த ராயப்பன்தான் வயிற்றில்.

அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. முதல் தடவை இவர் கடமான் சுட்டு வந்த மறுவாரம். இரண்டாம் தடவை பன்றி சுட்ட அன்றைக்கே. மருத்துவச்சி சூசையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பிள்ளைத்தாய்ச்சி வீட்டு ஆம்பளை உசுரை எடுக்கக்கூடாது தாயி. கோழி கூட அறுக்கக்கூடாது. இந்த மனுசன் ரத்தத்தோட வந்து நடைவாசல்ல நிக்கிறாரு, பிறகு பிள்ளை எப்படித் தங்கும்?" சாமியாரிடம் கேட்டால் அதெல்லாம் மூடநம்பிக்கை என்பார். அவருக்கென்ன? அவர் வயிற்றிலா இரண்டு கரைந்தது?

அவரிடம் சொன்னேன். கெஞ்சித்தான் சொன்னேன். "போகாதீங்க. வயித்துல இருக்கு."

"ஊரே என் வாசல்ல நிக்குது மதலேன். என்ன சொல்லச் சொல்ற? எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா, நீங்களே போய்க் காளையைக் கொம்பைப் பிடிச்சு நிறுத்திக்கோங்கன்னு சொல்லட்டுமா?"

கொழுந்தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வியாகுலம் என்று பேர். பேர்தான் வியாகுலம், முகத்தில் ஒரு நாள் அதைப் பார்த்ததில்லை. என் தட்டிலிருந்த பலாச்சுளையை எடுத்துத் தின்றுகொண்டே, "மதினி, அந்தக் காளைக்கும் எங்கயாச்சும் ஒரு பொண்டாட்டி முழுகாம இருந்தா? அதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்ண்ணே" என்றான். இவர் சிரித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவர் எஸ்டேட் பக்கம் போயிருந்தார். தோட்டா வைக்கிற தகர டப்பா அலமாரி மேல்தட்டில் இருக்கும். எடுத்தேன். ஒற்றைக் குண்டு ஆறு, ரவை பத்து. ஆறின் மேலிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினேன், நன்றாகத் துடைத்தேன். ரவையில் ஆறு எடுத்து அதன் வாயில் மெழுகு வைத்தேன். மிச்ச ரவை நாலையும் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

நான் கெட்டது ஒன்றும் நினைக்கவில்லை சார். யோசித்துப் பாருங்கள். அவர் மெழுகு வைத்ததை எடுத்துத்தான் காளையைச் சுடுவார். உள்ளே ரவை. காளை ஓடிவிடும். குறி தப்பிவிட்டது என்று ஊர் சொல்லும், அதோடு போகும். உயிர்க்கொலை இல்லை. பிள்ளை தங்கும். ஒரு பொய் கூட நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லித்தான் வைத்தேன்.

வெறும் ரவையோடு போனால் காளை திரும்பி இவரையே முட்டாதா என்று கேட்கிறீர்களா? அதை நான் நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். அதற்காகத்தான் சாயங்காலம் முழுச் செபமாலையும் முழங்காலில் நின்று சொன்னேன், அந்த வயிற்றோடு.

சனிக்கிழமை விடிய நல்ல பனிமூட்டம். அவர் டப்பாவில் கையை விட்டு நாலு தோட்டா எடுத்தார். கட்டைவிரலால் தடவித் தடவி எடுத்தார், நான் அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டைச் சட்டைப்பையில் போட்டார், இரண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். எது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சரியாகத்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு வெடி கேட்டது. அடுத்தடுத்து. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, நான் அகப்பையை வைத்துவிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஆமாம் சார். நன்றிதான் சொன்னேன்.

நடந்தது இதுதான். ஆரஞ்சுத் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவில் பெரிய உண்ணிச்செடிப் புதர். அதற்குள் காளை நின்றது. இவர் மேல்பக்கம். வியாகுலம் கீழ்ப்பக்கம், காளை ஊருக்குள் இறங்கிவிடாமல் இருக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றான். இவர் புதருக்குள் தாழ்த்திப் பிடித்து இரண்டு குழலையும் சுட்டார். ரவையாக இருந்தால் அந்தப் புதரிலேயே அடங்கியிருக்கும். ஆனால் வந்தது குண்டு. ஒன்று மண்ணுக்குள் போனது. இன்னொன்று வியாகுலத்தின் நெஞ்சுக்குக் கீழே போனது. காளை மேலே ஏறி, மலையைத் தாண்டிப் போய்விட்டது, ஒரு கீறல் இல்லாமல்.

கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். செசிலி இரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இரண்டாவது வளைவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

என்னை வரவேண்டாம் என்றார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கம்பளி எடுக்க வந்தபோது அவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போயிருந்தார், ரத்தம். அதைத் துவைக்க எடுத்தேன். பையில் இரண்டு தோட்டா இருந்தது. இரண்டின் வாயிலும் மெழுகு.

அப்படியென்றால் அவர் சுட்டது மொட்டையை, நான் மெழுகு சுரண்டி வைத்த குண்டை. பிறகு வீடு கலைந்து கிடக்கிறதே என்று எழுந்தேன். நாலு பேர் வந்து போகிற வீடு. கூட்டினேன். சட்டையைத் துவைத்துப் போட்டேன். டப்பாவை இறக்கி அதையும் ஒழுங்குபண்ணி வைத்தேன். ரவையில் இருந்த மெழுகைச் சுரண்டினேன், மிச்சமிருந்த நாலு ஒற்றைக் குண்டுக்கு மெழுகு வைத்தேன். அரிசிப் பானையில் போட்ட நாலையும் எடுத்து வைத்தேன். எது எப்படி இருக்கவேண்டுமோ அப்படி வைத்தேன். எப்போதும் வைக்கிற மாதிரி.

போலீஸ் இரண்டு நாள் கழித்து வந்தது. இன்ஸ்பெக்டர் மெழுகு வைத்ததில் ஒன்றை அறுத்துப் பார்த்தார், குண்டு. மொட்டையில் ஒன்றை அறுத்தார், ரவை. "எல்லாம் சரியாத்தான இருக்கு எஸ்தாக்கி? உன் விரல்தான்யா ஏமாந்துடுச்சு" என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மொட்டையைத்தான் போட்டேன் ஐயா" என்றார். "பனி. குளிர். விரல் மரத்துப் போயிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். கைத்தவறு, கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு, துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் பைலில் இருக்கும்.

எட்டாம் நாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்துகொண்டே சொன்னார்.

"நான் காளையைக் கொல்லப் போகல மதலேன். வியாகுலத்துக்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன். ரவை போட்டு அந்தண்டைப் பக்கம் ஏத்தி விட்டுடலாம், வயித்துப் பிள்ளைக்காரி மனசு நோகவேணாம்னு பேசிக்கிட்டோம். உன்கிட்டச் சொன்னா சூசையம்மாகிட்டச் சொல்லுவே, ஊருக்குத் தெரிஞ்சிடும். அதான் சொல்லல. ரெண்டு குண்டைச் சும்மா பையில வச்சிருந்தேன், முட்ட வந்தா இருக்கட்டும்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடங்க, மழை வருது" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ராயப்பன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். சூசையம்மாள் சொன்ன வழக்கம் என்ன? வீட்டு ஆம்பளை உயிரை எடுத்தால் பிள்ளை தங்காது. உயிரும் போனது, பிள்ளையும் தங்கியது. அந்த இடம்தான் சார் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எத்தனையோ தடவை மாதாவிடம் கேட்டுவிட்டேன்.

காளை திரும்பி வந்தது. அடுத்த தவக்காலத்தில், அதற்கடுத்த தவக்காலத்திலும். கோயில் கல்லுக்கட்டுக்கு மேலே நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரையும் குத்தவில்லை, எதையும் முறிக்கவில்லை. நிற்கும், அவ்வளவுதான். நான் துணி காயப்போடப் போனால் என் பக்கம் தலையைத் திருப்பும். ஐந்தாறு வருஷம் வந்திருக்கும். செத்துப்போய் எவ்வளவோ காலம் இருக்கும். ஆனாலும் பனி இறங்குகிற நாளில் நான் அந்தப் பக்கம் துணி போடுவதில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு ஒரு தடவை கூடச் சுடவில்லை. பன்றி வந்து முற்றத்தில் நின்றாலும் சுடவில்லை. பிறகு எதற்கு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார் என்று ராயப்பன் கேட்பான். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தோட்டாவுக்காக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒன்றொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவுவார். "குண்டு." வலது பக்கம் வைப்பார். "ரவை." இடது பக்கம். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்ப்பார். ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. மார்கழிக் குளிரில் வாளித் தண்ணீரில் கையை மரத்துப்போகிற வரைக்கும் முக்கி வைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பார். அப்போதும் தப்பாது. தப்பவில்லையே என்றுதான் அவருக்கு வேதனை. ஒரு தடவை தப்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார் போலிருக்கிறது. முப்பது வருஷம் சார். கட்டைவிரல் நுனி தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. அவர் "குண்டு, ரவை" என்று சொல்லும்போது நான் அடுப்பங்கரையில் செபமாலையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீர்களா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களுக்கு வேறு சாமி. ஆனால் சொன்னேன். மந்திரித்த மெழுகைச் செபத்துக்கு அல்லாத காரியத்துக்கு எடுத்தேன் என்று சொன்னேன். சாமியார் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் ஐம்பது சொன்னேன்.

கடைசியில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. நோயில் பூசுதல் எல்லாம் ஆகிவிட்டது. சாகிற அன்றைக்கு மத்தியானம் என் கையைப் பிடித்தார். என் உள்ளங்கையில் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"மதலேன். அந்த ரெண்டும் மொட்டையாத்தான் இருந்துச்சு. என் விரலுக்குத் தெரியும்."

என்னைப் பார்த்தார். கேட்கிற மாதிரிப் பார்த்தார்.

"செபம் சொல்லுங்க. மனசை மாதாகிட்ட வையுங்க" என்றேன். அவர் சொன்னார். பரலோக மந்திரத்தில் பாதியில் போய்விட்டார். நல்ல மரணம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். செபத்தோடு போனார், அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்கள்.

காப்பி ஆறிவிட்டது. சூடுபண்ணி வரட்டுமா? வேண்டாமா.

கையெழுத்து ஏன் போடவில்லை என்றுதானே கேட்டீர்கள். போட்டிருப்பேன் சார், அடக்கம் முடிந்த மாதமே போட்டிருப்பேன். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது ராயப்பன் சொன்னான், "துப்பாக்கி வந்ததும் புதுத் தோட்டாவுக்கு மெழுகு நீதாம்மா வைக்கணும். அப்பா உன் கைராசின்னு சொல்வாருல்ல." பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

இப்போது நோட்டைத் திறங்கள். எழுதிக்கொள்ளுங்கள். சின்னதாக எழுதினால் போதும். பழைய பைலில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டு, அதனால் எனக்குப் பயம், சம்மதம் இல்லை என்று முடித்துவிடுங்கள். ஏன் சார் என்னையே பார்க்கிறீர்கள்? எழுதுங்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். அவனைச் சுமந்தபோது நடந்தது, அவன் தலையில் எதற்கு அது?

இதோ அவனே வந்துவிட்டான். வா ராயப்பா, காலைக் கழுவிவிட்டு வா. சார் எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன? "அப்பா விரல் மாதிரி என் விரல் ஏமாறாது, டார்ச் அடிச்சுப் பார்த்துத்தான் தோட்டா போடுவேன்னு சார்கிட்டச் சொல்லும்மா"வா? சிரிக்காதே. சார் சிரிக்கவில்லை பார்.

முடிந்ததா சார்? படித்துக் காட்டவேண்டுமா? சரி, படியுங்கள்.

"...என் கணவர் எஸ்தாக்கி என்பவர் கவனக்குறைவாகத் தோட்டாவை மாற்றிப் போட்டுச் சுட்டதில், அவருடைய தம்பி வியாகுலம் உயிரிழந்தபடியால்..."

ஆமாம். அப்படித்தான் இருக்கிறது. எங்கே போடவேண்டும், இங்கேயா? பேனாவைக் கொடுங்கள்.

கொஞ்சம் பொறுங்கள் சார். பேனா எழுதும், கைதான் வரமாட்டேன் என்கிறது. அந்த ஒரு வார்த்தை. 'கவனக்குறைவாக.' அதை மட்டும் அடித்துவிட முடியாதா? பழைய பைலில் இருப்பதை அடிக்கக்கூடாதா? உயிரோடு இருந்தவரைக்கும் அவரை அந்த வார்த்தை விடவில்லை. செத்தவரிடமும் என்னைக் கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறீர்களே. நீங்கள் இல்லை, நான்தான் எழுதச் சொன்னேன். தெரியும். நான்தான் சொன்னேன்.

ராயப்பா, நிற்காதே. இப்படி வந்து உட்கார். தண்ணீர் பிறகு குடிக்கலாம்.

சார், அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். புதுத் தாள் போடுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். "என் கணவர் எஸ்தாக்கி அன்றைக்குச் சரியாகத்தான் எடுத்தார். அவர் விரல் ஏமாறவில்லை. முதல் நாளே மெழுகை மாற்றி வைத்தது அவருடைய மனைவி மதலேன் ஆகிய நான். வியாகுலம் போன பிறகு அதைத் திருப்பி வைத்ததும் நான்."

எழுந்திருக்காதே ராயப்பா. என்னைப் பார்க்கவேண்டாம், சார் எழுதுவதைப் பார். சாட்சிக் கையெழுத்து நீதான் போடவேண்டும். முழுவதையும் கேட்டுவிட்டுப் போடு.

இதில் ஒரு நகல் கிடைக்குமா சார்? கீழ் வீட்டுக்கு. தபாலில் வேண்டாம், நானே கொண்டுபோகிறேன். செசிலிக்குக் கண் மங்கிவிட்டது, யாராவது வாசித்துத்தான் காட்டவேண்டும். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், கூட்டெழுத்து எனக்கு வராது. கொஞ்சம் பெரிய எழுத்தாக, பிரித்துப் பிரித்து எழுதுங்கள். அவள் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது நடுவில் நின்றுவிடக் கூடாது.